கண்ணாடி ஏற்றிய கார்

முன்வீட்டுக்குப் புதிதாக ஆட்கள் வந்த நாளில், கட்டில் மேசை ஏற்றிய லொறிக்கு முன்னதாக ஒரு கார் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. ஸ்டார்ட் ஆகி வரவில்லை. கவுன் போட்ட ஒரு வயதான பெண் அதைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தா. காலில் ஆண்கள் போடுகிற கறுப்புச் சப்பாத்து. உள்ளே அவவின் கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஊர்வலத்தில் போகிறவர் மாதிரி நேரே பார்த்தபடி இருந்தார். நாங்கள் அப்போது கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதி என்கிற பெருந்தெருவிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஜன்னலடியில் நின்று பார்த்த அம்மா, அந்த மனுசன் இறங்கித் தள்ளினால் குறைந்தா போய்விடுவார் என்று என்னைக் கேட்டா.

எனக்குப் பதினொரு வயது. கார்களில் அக்கறை கிடையாது. ஆனால் அந்தக் காரை யாரும் திரும்பிப் பார்ப்பார்கள். முன்பாதி பழைய இங்கிலாந்துக் கார் மாதிரி உருண்டையாக, கடும்பச்சையாக இருந்தது. பின்பாதி ஏதோ வான் வண்டியிலிருந்து வெட்டி எடுத்ததுபோலச் சதுரமாக, வெள்ளையாக இருந்தது. இரண்டையும் ஒட்டிய இடத்தில், தையல் போட்ட காயம் ஆறினதுபோல ஒரு தடித்த வரி ஓடியது. கதவுகள் மற்றக் கார்களுக்கு எதிர்ப்பக்கமாகத் திறந்தன. என்ன கார் என்று சொல்லும் சின்னம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஆணி ஓட்டைகள். பக்கக் கண்ணாடிகளுக்கு உட்பக்கமாக மண்ணிறத் திரைச்சீலை தொங்கியது. அப்பாவை உறுத்தியது அந்தத் திரைச்சீலைதான். வீட்டு ஜன்னலுக்குத் திரை போடுகிறார்கள், சரி, காருக்கு ஏன் என்று அன்றைக்கே கேட்டார்.

அவர் அப்படிக் கேட்டதில் அதிசயம் இல்லை. யுத்தம் வடக்கில் நடந்தாலும் அதன் சத்தம் கொழும்பில் கேட்கிற காலம் அது. ஒழுங்கையில் அறியாத வாகனம் ஒன்று கொஞ்ச நேரம் நின்றால் ஆட்கள் மற்றப் பக்கத்தால் நடப்பார்கள். தமிழ் வீடுகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசில் பதிய வேண்டும். ஊரிலிருந்து ஒரு மாமா வந்து தங்கினால்கூட அப்பா அடுத்த நாளே போய்ப் பதிவார். அரசாங்கக் கந்தோரில் கிளார்க் வேலை அவருக்கு. ஒரு பிழையும் தன் பெயரில் வந்துவிடக்கூடாது என்பதே அவருடைய பெரிய கவலை. பஸ்ஸில் தமிழில் கதைக்கவேண்டாம் என்று எனக்கும் அம்மாவுக்கும் சொல்லி வைத்திருந்தார். அவரே எப்போதாவது மறந்து கதைத்துவிட்டால் உடனே வாயை மூடிக்கொண்டு வெளியே பார்ப்பார்.

வந்தவர்கள் கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கத்தோலிக்கத் தமிழர்கள். அவர்களுடைய தமிழ் எங்கள் யாழ்ப்பாணத் தமிழ் இல்லை. அதுவே அப்பாவுக்கு முதல் தடை. இரண்டாவது தடை, அந்த மனிதர் கதைத்த விதம். ஒருநாள் கேற்றடியில் சந்தித்து, கொட்டாஞ்சேனையில் எந்தப் பக்கம் என்று அப்பா கேட்டிருக்கிறார். அவர் தலையை ஆட்டி, "ஆமா ஆமா, பின்னேரம் மழை வரும் போலத்தான் இருக்கு" என்றாராம். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, உங்களுக்கும் அப்படியே என்று சொல்லிச் சிரித்தாராம். அப்பா மேலே வந்து சேர்ட்டைக் கழற்றியபடி அம்மாவிடம் சொன்னார்:

"கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லாமல் கதைக்கப் பழகின ஆள். உப்பிடிப் பழகுறதெண்டால் சும்மா வேலை இல்லை."

அன்றிலிருந்து அவர் அந்தக் காரைக் கவனிக்கத் தொடங்கினார். காலி வீதிச் செக்பொயின்றில் எல்லா வாகனத்தையும் மறித்து ஆட்களை இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள். இந்தக் காரை மட்டும் ஆமிக்காரர் தூரத்தில் கண்டதுமே கையைக் காட்டிப் போகவிட்டார்கள். அப்பா அதைப் பஸ்ஸிலிருந்து ஒருதரம் கண்டார். பிறகு வேண்டுமென்றே பார்த்துக்கொண்டிருந்து இன்னொரு தரமும் கண்டார். அவருக்கு அது போதும். தகவல் கொடுக்கிற ஆட்கள், எங்கள் மாதிரி வீடுகளைப் பார்க்கத்தான் முன்னால் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று முடிவெடுத்தார். மூலைக்கடை முதலாளி சிங்களவர். அவர் எதிர்ப்பக்கமாக, வடக்கில் சண்டை பிடிக்கிறவர்களின் ஆட்களோ என்று சந்தேகப்பட்டார். அந்த நோனா இவ்வளவு மண்ணெண்ணெய் வாங்குகிறாவே, எதற்கு என்று சாமான் வாங்கப் போன என்னிடம் சிங்களத்தில் கேட்டார். கொழும்பிலேயே பிறந்தபடியால் கடையில் பேசுகிற அளவுக்குச் சிங்களம் எனக்கு வரும். தெரியாது முதலாளி என்றேன். அதை அவர் நம்பவில்லை. தமிழ் ஆட்களுக்குள் தெரியாத விஷயம் இருக்காது என்பது அவருடைய எண்ணம்.

எல்லாவற்றையும்விட விசித்திரம், பின்னேரங்களில் அவர்கள் செய்ததுதான். வேலைக்குப் போன ஆட்கள் வீடு திரும்புகிற நேரத்தில் இருவரும் வந்து அந்தக் காருக்குள் ஏறுவார்கள். கார் வளவுக்குள்ளேயே நிற்கும். எஞ்சினைத் தொடமாட்டார்கள். கண்ணாடிகளை மேலே ஏற்றுவார்கள், திரையை இழுத்து விடுவார்கள். அந்தப் புழுக்கத்திலும் ஒரு விரற்கடை திறந்து வைப்பதில்லை. பக்கங்களைத்தான் திரை மறைத்தது. எங்கள் மாடி ஜன்னலிலிருந்து முன்கண்ணாடி வழியாக உள்ளே தெரியும். அந்தப் பெண் வாயை அகலத் திறந்து ஏதோ சொல்லுவா. கழுத்து நரம்பு புடைக்கும். அவர் முன்னுக்குக் குனிந்து, மடியைப் பார்த்தபடி இருப்பார். ஒரு சத்தமும் வெளியே வராது. சில நாள் அந்தப் பெண் அழுவா. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி, ஒன்றும் நடக்காததுபோலக் கோழிக்கு அரிசி போடுவா.

அவர்கள் சண்டை பிடிக்கிறார்கள் என்று அம்மா சொன்னா. சண்டைக்கு எதற்குக் கார், உள்ளே வயர்லெஸ் வைத்திருக்கிறார்கள், குனிவது அதற்குத்தான் என்று அப்பா சொன்னார். நான் பள்ளிக்கூடத்தால் வரும்போதெல்லாம் அந்தக் காரில் எங்கேயாவது கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பார்ப்பேன். ஒன்றும் இல்லை. அதனால் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஜன்னலடியில் நிற்கக்கூடாது என்று எனக்குக் கட்டளை வந்தது. அம்மா மட்டும் உடுப்பு மடிக்கிற சாட்டில் நிற்பா.

அப்படியிருக்க ஒருநாள் விடிந்தபோது கிழக்குப் பக்க வானம் கறுத்துக் கிடந்தது. கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகளைத் தாக்கிவிட்டார்கள், எரிகின்றன என்று ஒழுங்கை முழுக்கப் பேச்சு. புகை கட்டிடங்களுக்கு மேலாக எழும்பிப் படர்ந்தது. பள்ளிக்கூடம் இல்லை. அப்பாவும் கந்தோருக்குப் போகவில்லை. அப்படியான நாளில் தமிழர் வெளியே நடமாடாமல் இருப்பது நல்லது என்று யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எல்லா வீட்டுக் கதவும் பூட்டியிருந்தது. முன்வீட்டில் மட்டும் கார் இல்லை. கிழமைக்கு ஒருதரம் அவர்கள் விடியமுன் பெரிய மீன் சந்தைக்கு மீன் வாங்கப் போவார்கள். அன்றைக்கென்று பார்த்துப் போயிருந்தார்கள்.

மத்தியானம் போல அந்தக் கார் வந்தது. வழக்கம்போல அந்தப் பெண்தான் தள்ளினா. வீதிகளை மறித்திருந்தபடியால் எங்கெங்கோ சுற்றி, பாமன்கடைப் பக்கத்தால் வந்திருக்கிறார்கள். வெள்ளையாக இருந்த பின்பாதியில் கரி படிந்து சாம்பல் நிறமாகியிருந்தது. ஒழுங்கையில் ஒருவரும் வெளியே வரவில்லை. ஆனால் எல்லாத் திரைச்சீலையும் அசைந்தது. அப்பா ஜன்னலை விட்டு விலகி வந்து கதிரையில் இருந்தார். அம்மா குடிக்கக் கொடுத்த தேத்தண்ணி அவர் கையிலேயே ஆறிப்போனது.

பின்னேரம் பொலிசும் ஆமியும் வந்து வீடு வீடாகச் சோதித்தார்கள். எங்கள் வீட்டில் அலுமாரியைத் திறந்து பார்த்து, அப்பாவின் கந்தோர் அட்டையைப் பார்த்து இறங்கிப் போனார்கள். முன்வீட்டில் அப்படி லேசில் முடியவில்லை. அந்தப் பெண்ணை உள்ளே வைத்து ஒரு கூட்டம் விசாரித்தது. கணவரைக் காருக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒரு பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒளித்து நின்ற எனக்கு அது தெளிவாகக் கேட்டது. காலையில் வெளியே போனாயா? "ஓவ், ஓவ்" என்று அவர் தலையாட்டினார். சிங்களத்தில் அதற்கு ஆமாம் என்று அர்த்தம். கொலன்னாவைக்கா போனாய்? "ஓவ் மாத்தயா, ஓவ்." ஆமாம் ஐயா, ஆமாம். காருக்குள் என்ன கொண்டுபோனாய்? அதற்கும் அவர் சிரித்துக்கொண்டு ஆமாம் என்றார். பொலிஸ்காரர் திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். அந்தப் பெண் உள்ளேயிருந்து ஓடிவரமுதல் அவரை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். திரைச்சீலை ஒன்று கதவிடுக்கில் அகப்பட்டு வெளியே தொங்கிக்கொண்டு போனது.

"நான் சொல்லேல்லையா" என்றார் அப்பா. ஆனால் அவர் சொல்லி வந்தது இதற்கு நேர் எதிரானது. தகவல் கொடுக்கிற ஆளென்றால் ஏன் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று அம்மா கேட்டதற்கு, இதுவும் ஒரு நாடகமாக இருக்கலாம் என்றார்.

அடுத்த நாள் காலையில் அந்தப் பெண் எங்கள் மாடிப்படி ஏறி வந்தா. அதற்கு முன் ஒருநாளும் வந்ததில்லை. வாசலில் நின்று, உள்ளே வராமலே அம்மாவிடம் பேசினா. கணவரைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். ஒழுங்கையில் உங்களைத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறார்கள். நேரே முன்னுக்கு இருக்கிறவர்கள் நீங்கள்தான், யாராவது வரமுடியுமா என்று கேட்டா. அழவில்லை. கண்கள் மட்டும் வீங்கியிருந்தன. காலில் அதே கறுப்புச் சப்பாத்து.

அப்பா உள்ளறையில் இருந்தார். அம்மா போய்ச் சொன்னதும், போகத் தேவையில்லை என்றார். போனால் எங்கள் பெயரும் அதற்குள் வரும், பிறகு கந்தோரில் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். வாசலில் நின்றவவுக்குக் கேட்டிருக்கும்.

"ஒரு மனுசி வாசலிலை வந்து நிண்டு கேக்கிறா. நான் என்னெண்டு இல்லையெண்டுறது?" என்றா அம்மா. "நான் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போறன். பிள்ளையோடை போனால் ஒண்டும் செய்யமாட்டினம்."

அம்மாவுக்குச் சிங்களம் வராது. என்னைக் கூட்டிப்போனதற்கு அதுவும் காரணம். ஆனால் அம்மாவும் அவவை நம்பித்தான் போனா என்று சொல்லமுடியாது. படியிறங்கும்போது என் கையை இறுக்கிப் பிடித்து, இவ கேட்டால் எங்களைப்பற்றி ஒன்றும் சொல்லாதே, கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று காதுக்குள் சொன்னா. காலி வீதியில் மூவரும் நடந்தோம். அவ முன்னால் வேகமாகப் போக, நாங்கள் கொஞ்சம் தள்ளியே நடந்தோம். எங்களைத் தெரிந்தவர்கள் கண்டால் சேர்ந்து போவதாகத் தெரியக்கூடாது என்று அம்மா நினைத்தா போலும்.

பொலிஸ் நிலையத்தின் பின்வளவில் அந்தக் கார் நின்றது. கதவெல்லாம் திறந்து கிடந்தது. பொறுப்பான அதிகாரி நடுத்தர வயதுக்காரர். கண்ணெல்லாம் சிவந்து, இரண்டு நாள் நித்திரை இல்லாதவர் மாதிரி இருந்தார். அந்தப் பெண் சிங்களத்தில் சரளமாகப் பேசினா. அப்போதுதான் எங்களுக்கே விஷயம் தெரியவந்தது. கணவருக்குக் காது கேளாது. துறைமுகத்தில் இரும்பு வேலை பார்த்து, அந்த இரைச்சலில் கொஞ்சம் கொஞ்சமாகச் செவி போய்விட்டது. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று மறைத்தார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. யார் என்ன கேட்டாலும் ஆமாம் என்று சிரித்துச் சமாளிப்பார். அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்படியானால் ஒவ்வொரு பின்னேரமும் காருக்குள் இருந்து என்ன செய்கிறீர்கள், எங்களுக்குத் தகவல் இருக்கிறது என்றார்.

அம்மாவின் கை என் தோளில் இருந்தது. என்ன சொல்கிறார் என்று கேட்டா. நான் தமிழில் சொன்னேன். இவர்களுக்கு யார் சொன்னது என்று அம்மா மெல்லக் கேட்டா.

அவரோடு பேசுவதென்றால் கத்தித்தான் பேசவேண்டும் என்றா அந்தப் பெண். வீட்டுக்குள் கத்தினால் ஒழுங்கைக்கே கேட்கும். அதனால் அவரே துறைமுகத்துக் கழிவில் கிடைத்த கம்பளித் துணியை எடுத்துவந்து, காரின் உட்பக்கம் முழுக்க ஒட்டினார். கண்ணாடி ஏற்றினால் உள்ளே கத்துவது வெளியே கேட்காது. புருசனோடு மனம்விட்டுப் பேச எனக்கு இருக்கிற இடம் இந்தக் கார்தான் மாத்தயா என்றா.

அதிகாரி உடனே நம்பவில்லை. கணவரைக் கூட்டிவரச் சொன்னார். தலை கலைந்து, சேர்ட் கசங்கி வந்தார். எங்களைக் கண்டு தலையாட்டினார். அதிகாரி அவருக்குப் பின்னால் போய், மேசையிலிருந்த கண்ணாடிக் குவளையைத் தூக்கிச் சீமெந்துத் தரையில் போட்டார். நானும் அம்மாவும் துள்ளிப்போனோம். அவர் திரும்பவில்லை. நாங்கள் துள்ளியதைப் பார்த்துத்தான் பிறகு திரும்பினார். அப்படியும் அதிகாரிக்குத் திருப்தி இல்லை. இருவரையும் காருக்குள் ஏறி எப்போதும் பேசுவதுபோலப் பேசச் சொன்னார். எனக்கும் சிங்களம் தெரியும் என்று கண்டுகொண்டு, பின்சீற்றில் போய் இரு துவ என்றார். மகளைக் கூப்பிடுகிற சொல் அது. அவர்கள் பேசுவதை வெளியே வந்து எனக்குச் சொல், சின்னப்பிள்ளைகள் பொய் சொல்லமாட்டார்கள் என்றார்.

கதவுகள் மூடின. கண்ணாடிகள் ஏறின. உள்ளே மண்ணெண்ணெயும் மீனும் பழைய கம்பளியும் கலந்த மணம். வெளியே நின்றவர்களின் வாய் அசைவதுதான் தெரிந்தது. அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தா.

முதலில் அவர்தான் பேசினார். "சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்" என்று அவ கத்தினா. அந்தக் குரல் என் காதில் அடித்தது. அவ்வளவு மெலிந்த உடம்புக்குள் அப்படியொரு குரல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மீனை என்ன செய்தாய் என்று கேட்டார். கெட்டுப் போச்சு, கொட்டிட்டேன் என்றா. இவர்கள் அடித்தார்களா என்று அவ கேட்டா. இல்லை, நிற்க வைத்தார்கள் என்றார். பிறகு சற்றுக் குரல் இறங்கி, "தம்பிக்கிட்ட இருந்து ஏதும் வந்துச்சா?" என்றார்.

"ஒண்ணும் இல்ல. யாழ்ப்பாணத்துல எங்க இருக்கான்னே தெரியல. செல் அடிக்கிறாங்களாம். புள்ளையத் தூக்கிட்டு எங்க ஓடுறானோ."

அப்படித்தான் அவர்களுக்கு ஒரு மகன் இருப்பதை நான் அறிந்தேன். யாழ்ப்பாணத்தில் கலியாணம் கட்டி, அங்கேயே படிப்பித்துக்கொண்டு, சண்டைக்குள் அகப்பட்டிருந்தான். ஒவ்வொரு பின்னேரமும் அந்தக் காருக்குள் அவ கத்தியது இதைத்தான். மகன் வடக்கில் இருக்கிறான் என்று ஒழுங்கையில் வெளிப்படையாகக் கத்தினால் யார் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று அவவுக்குத் தெரியும்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "இது முன்வீட்டுப் புள்ளதானே? இதுட அப்பாதானே நம்மளச் சொல்லிக் கொடுத்தது?"

"தெரியாது. அம்மா வந்து வெளியில நிக்கிறாங்க. பேசாம இருங்க."

"ஜன்னல்ல நின்னு நின்னு பார்ப்பாரே. நாம அவருக்கு என்ன செஞ்சோம்?" என்று அவவைக் கேட்டார். பிறகு அதையே என்னிடம் கேட்டார். கோபமாக இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போல என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்றேன். சத்தம் வந்ததோ இல்லையோ தெரியவில்லை. அவர் மனைவியிடம் திரும்பி, "தெரியாதாம்" என்றார்.

வெளியே வந்ததும் அதிகாரி என்னைத் தனியே தள்ளிக் கூட்டிப்போனார். வெளியே ஒரு சத்தமும் கேட்கவில்லை, தொட்டி மீன் மாதிரி வாய்தான் அசைந்தது, என்ன பேசினார்கள் என்று கேட்டார். சாப்பிட்டாயா என்று கேட்டார், சாப்பிட்டேன் என்றா, மீன் கெட்டுப்போனதால் கொட்டிவிட்டாவாம் என்றேன். அவ்வளவுதானா என்றார். அடித்தார்களா என்று கேட்டா, இல்லையாம் என்றேன். மகனைப்பற்றி நான் சொல்லவில்லை. துணிச்சலில் அல்ல. வீட்டில் யாழ்ப்பாணம் என்ற சொல்லை வெளியாட்களிடம் சொல்லக்கூடாது என்று பழக்கியிருந்தார்கள், அது தானாகவே வாயில் நின்றுவிட்டது. சரி, போ துவ என்றார்.

அன்றைக்கே அவரை விடவில்லை. ஆனால் சில நாளில் விட்டார்கள். திரும்பி நடந்து வருகிறபோது அவ எங்களோடு சேர்ந்து நடந்தா. செக்பொயின்றில் உங்களை மறிப்பதில்லையே, ஏன் என்று அம்மா மெல்லக் கேட்டா. முன்பு மறித்தார்கள் என்றா அவ. மறித்தால் எஞ்சின் நின்றுவிடும், பிறகு ஆமிப் பொடியன்கள்தான் தள்ளவேண்டும். தள்ளித் தள்ளி அலுத்துப்போய்ப் பேசாமல் விட்டுவிட்டார்கள். பெட்ரோலோடு மண்ணெண்ணெய் கலந்து ஊற்றுவதால் வந்த வியாதி அது. அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, காருக்குள் அவர் அப்பாவைப்பற்றிக் கேட்டதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா நேரே அப்பாவிடம் போய், நீங்கள் யாரிடமாவது கதைத்தீர்களா என்று கேட்டா. அப்பா பத்திரிகையை மடித்து வைத்தார்.

"போன முறை பதியப் போகேக்கை, ஒழுங்கையிலை வித்தியாசமாய் ஏதும் இருக்கோ எண்டு கேட்டாங்கள். காருக்குள்ளை இருக்கிறதைச் சொன்னனான். கேட்ட இடத்திலை ஒண்டுமில்லையெண்டால் என்னையெல்லே ஒரு மாதிரிப் பாப்பாங்கள்."

அம்மா குசினிக்குள் போய்விட்டா. சில நாட்களுக்கு அவர்கள் இருவருக்கும் இடையில் என் மூலமாகத்தான் பேச்சு நடந்தது. சாப்பாடு ஆறுது என்று சொல்லு. பொறுக்கச் சொல்லு. அந்த நாட்களில் அப்பா என்னைப் பார்க்கிற பார்வையும் மாறியிருந்தது. நான் இன்னும் என்னென்ன கேட்டேன், எதை அம்மாவிடம் சொல்லாமல் வைத்திருக்கிறேன் என்று அளப்பவர் மாதிரி இருந்தார்.

கார் பிறகுதான் திரும்பி வந்தது. உள்ளே ஒட்டியிருந்த கம்பளியை எல்லாம் சோதனைக்காகக் கிழித்து எடுத்திருந்தார்கள். சீற்றுகளையும் வெட்டியிருந்தார்கள். அவர் பழைய சாக்குகளை எடுத்துக் கதவுகளிலும் கூரையிலும் ஒட்டினார். அந்தப் பின்னேரமே இருவரும் முன்புபோல ஏறிக் கண்ணாடியை ஏற்றினார்கள். ஆனால் சாக்கு அந்தச் சத்தத்தைத் தடுக்கவில்லை. அவ கத்தியது ஒழுங்கை முழுக்கக் கேட்டது. மகனின் பெயர், அவன் இருந்த ஊர், பேரப்பிள்ளைக்குப் பால்மா கிடைக்குமா என்ற கவலை, எல்லாம் கேட்டது. உள்ளே இருந்தவவுக்கு அது தெரியவில்லை. அவருக்குத் தெரிய வழியே இல்லை. மூலைக்கடை முதலாளி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

அப்பா எழும்பினார். எங்கள் றேடியோவைத் தூக்கி ஜன்னற்படியில் வைத்து, முடிந்தவரை சத்தத்தைக் கூட்டினார். சிங்களப் பாட்டு ஒன்று போனது. அது முடிய விளம்பரம், பிறகு வேறு பாட்டு. அவர்கள் காரைவிட்டு இறங்கும்வரை அணைக்கவில்லை. அடுத்த நாளும் அப்படியே செய்தார். அதற்கடுத்த நாளும். ஒழுங்கையில் சிலர், மாடி வீட்டுக்காரருக்குப் பைத்தியம் என்று பேசிக்கொண்டார்கள். முன்வீட்டுப் பெண் கேற்றடியில் நின்று எங்கள் ஜன்னலை முறைத்துப் பார்த்ததும் உண்டு. நாங்கள் வேண்டுமென்றே கரைச்சல் கொடுக்கிறோம் என்று நினைத்திருப்பா. அப்பா கந்தோரால் வரப் பிந்துகிற நாளில் அம்மா றேடியோவைப் போட்டா. அப்படித்தான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இடையில் பேச்சு மெல்லத் திரும்பியது.

மகன் வந்து சேர மாதங்கள் ஆகின. மனைவியோடும் பிள்ளையோடும் கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்கு வந்தான். கறுத்து மெலிந்து, தோளில் நித்திரையான குழந்தையோடு ஒழுங்கையில் நடந்து வந்தவனைக் கண்டு முதலில் எல்லோரும் அவனையும் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். அப்பா அன்றைக்கு றேடியோவை எடுத்து உள்ளே வைத்தார். முன்வீட்டில் அதன்பிறகு காருக்குள் யாரும் ஏறி இருக்கவில்லை. புதிதாக வந்தவர்களையும் பொலிசில் பதியவேண்டும் என்று அப்பாதான் கேற்றடியில் போய் மகனிடம் சொன்னார். நானும் கூட வருகிறேன் என்றார். மகன் யோசித்தான். தகப்பனின் முகத்தைப் பார்த்தான். வேண்டாம் அங்கிள், நாங்களே போகிறோம் என்றான். அப்பா தலையாட்டிவிட்டு வந்தார்.

அடுத்த வருசம் அவர்கள் கொட்டாஞ்சேனைக்கே திரும்பிப் போனார்கள். போகிற நாளில் அவ படியேறி வந்து அம்மாவின் கையைப் பிடித்து நன்றி சொன்னா. அப்பா உள்ளே இருந்தார். அவரை விசாரிக்கவில்லை. இறங்குகிறபோது படியில் நின்ற என்னிடம் கேட்டா:

"அன்னைக்கு அந்தப் பொலிஸ் பெரியவர்கிட்ட நீ என்னா சொன்னே?"

சாப்பிட்டியா என்று அங்கிள் கேட்டதையும் மீன் கெட்டுப்போனதையும் சொன்னேன் என்றேன்.

"தம்பியப்பத்தி?"

"சொல்லேல்லை அன்ரி."

அவ என் முகத்தை நெடுநேரம் பார்த்தா. நம்பியதாகவும் தெரியவில்லை, நம்பாததாகவும் தெரியவில்லை. என் கன்னத்தை ஒருதரம் தட்டிவிட்டு இறங்கிப் போனா. கீழே மகன் காரைத் தள்ளத் தொடங்கியிருந்தான். அவ போய்த் தன் பங்குக்குக் கையைக் கொடுத்தா.